நின்றுகொண்டே கடந்த நகரம்

டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் சுமார் 48 கிலோமீட்டர். போய்வர 96. ஆண்டுக்கு 280 வேலை நாள், 35 வருட சர்வீஸ் என்று கணக்குப் போட்டால் 9,40,000 கிலோமீட்டர் வருகிறது. பூமியை 23 முறை சுற்றுகிற தூரம். ஃபோர்ட் பகுதி ஆபீஸ்களில் கிளார்க்காக, ஸ்டெனோவாக, அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வுபெற்ற டோம்பிவிலித் தமிழர் ஒவ்வொருவரும் உலகம் சுற்றியவர்தான். பெரும்பாலும் நின்றுகொண்டே.

அவரிடம் அந்த ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டால், எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கியதும் வெளியே போகும் வழி எதிரில் வரும் என்று துல்லியமாகச் சொல்வார். கோபுரத்தின் உச்சியில் தீப்பந்தம் ஏந்திய பெண் சிலை ஒன்று நிற்பதைக் கவனித்திருக்க மாட்டார். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 1878இல் தொடங்கிப் பத்து வருடம் கட்டிய கட்டடம் அது. 1996இலும் 2017இலும் பெயர் மாறியது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 8.17 லோக்கலைப் பிடித்து ஓடிவந்தவருக்கு இதில் எதையும் அண்ணாந்து பார்க்க நேரமிருந்ததில்லை.

அவர் மனைவியின் நிலைமை வேறு. மாதுங்காவிலோ செம்பூரிலோ வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவிலியில் குடியேறிய நாளிலிருந்து அவருக்கு உலகம் என்பது மார்க்கெட், பள்ளிக்கூடம், கோயில். தென் மும்பையைப் பார்த்ததெல்லாம் ஊரிலிருந்து உறவினர் வந்தபோதுதான். அப்போதும் கேட்வே முன்னால் ஒரு போட்டோ, மரீன் டிரைவில் கொஞ்சம் காற்று, குழந்தைகள் பசி என்று அழுவதற்குள் திரும்பும் ரயில். "அடுத்த தடவை யாராவது வந்தா எலிஃபண்டா போகலாம்" என்ற வாக்குறுதிக்கு இப்போது முப்பது வயது.

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தம்பதிகள் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு பழைய துறைமுக நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது சகஜம். டோம்பிவிலித் தம்பதிக்கு வண்டி, லோக்கல்தான். அடுப்புக்குப் பதில் எலுமிச்சை சாதம், தயிர் சாத டப்பாக்கள். பார்க்க வேண்டிய துறைமுகமோ அவர்களுடையதே.

பார்ப்பதற்கும் குறைவில்லை. 1661இல் போர்ச்சுகீசிய இளவரசியின் சீதனமாக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் போன தீவு இது. 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி எழுப்பிய கோட்டை மதில்களை 1860களில் இடித்துவிட்டார்கள். 'ஃபோர்ட்', 'சர்ச்கேட்' என்ற பெயர்கள் மட்டும் மிச்சம். 1924இல் முடிந்த கேட்வே ஆஃப் இந்தியா ஒரு பிரிட்டிஷ் மன்னரின் வருகையைக் கொண்டாட எழுந்தது. 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு அதன் வழியாகத்தான் கப்பலேறியது.

துறைமுகத்துக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் வெடித்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள், பஞ்சுப் பொதிகள், தங்கக் கட்டிகள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தீயை அணைக்கப் போய் உயிரிழந்த வீரர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி தினமாக அனுசரிக்கப்படுகிறது. பல்லார்ட் எஸ்டேட்டில் வேலை பார்த்த பலர், துறைமுக மதிலை ஒட்டித்தான் தினமும் டீ குடித்திருக்கிறார்கள்.

கேட்வேயிலிருந்து எலிஃபண்டாவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். திங்கள் விடுமுறை. கரையேறியதும் சுமார் 120 படிகள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் டோலி கிடைக்கும். மேலே, ஏறத்தாழ 20 அடி உயரத்தில் மூன்று முகச் சிவன். பக்கத்துச் சிற்பங்களில் அர்த்தநாரீஸ்வரர், கங்காதரர், கல்யாணக் கோலம். பூஜை இல்லை, மணியோசை இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டுக் கோயில்களில் வளர்ந்த அம்மாளுக்கு எந்தக் கைடும் தேவைப்படாது. கணவருக்கு அவரே விளக்குவார். தீவுக்குப் பெயர் தந்த கல் யானையைத் தேடினால் அங்கே இருக்காது. அது பைகுல்லா ஜீஜாமாதா தோட்டத்தில் நிற்கிறது.

இந்த உல்லாசத்தில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா சென்ற 'நீல்கமல்' படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே உயிர்காப்பு உடை கட்டாயமானது. உடை அழுக்காக இருந்தாலும், போட்டோவில் அழகாக விழாவிட்டாலும், கரையேறும்வரை கழற்றக் கூடாது.

ரயிலும் முதியவர்களுக்கு எளிதல்ல. 2025 ஜூன் 9 காலை, முும்ப்ரா அருகே நெரிசலில் வாசலில் தொங்கிச் சென்றவர்கள் தண்டவாளத்தில் விழுந்து உயிரிழந்தார்கள். டோம்பிவிலிக்காரர் தினமும் கடக்கும் இடம். அதே ஆண்டில், மாதுங்கா பணிமனையில் சரக்குப் பெட்டி ஒன்றை முதியோர் பெட்டியாக மாற்றினார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் எல்லா ரயில்களிலும் அது வரும்வரை, பதினொரு மணிக்கு மேல் கிளம்பி நான்கு மணிக்குள் திரும்புவதே முதியவர்களுக்கு உத்தமம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையையும் விட வேண்டும். இன்று ஸ்டேஷன் கட்டடமும் ஆசியாட்டிக் சொசைட்டி படிக்கட்டும், அடுத்த வாரம் கேட்வே, மழை ஓய்ந்த பிறகு எலிஃபண்டா. ஓய்வுபெற்றவர்களிடம் தாராளமாக இருப்பது நாட்கள். குறைந்துகொண்டே வருவது முழங்கால்களின் தெம்பு. "பேரன் பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் ஒரு துறைமுகம் இருக்கிறது. டோம்பிவிலிக்கு அடுத்து டாக்குர்லி, அதற்கு அடுத்து கல்யாண். மும்பை மீனவர் தீவுகளாகக் கிடந்த காலத்தில் உல்லாஸ் நதிக் கரையில் கப்பல்கள் வந்த ஊர் அது. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளூஸ்' குறிப்பேட்டில் 'கல்லியேனா' என்று இருக்கிறது. அதே குறிப்பேட்டில், தெற்கே போகப் போக, முசிறியும் வருகிறது.

டோம்பிவிலியிலிருந்து இரண்டே ஸ்டேஷன். பகல் வேளையில் உட்கார இடமும் கிடைக்கும்.