உப்பு மூட்டையும் சித்தப்பாவின் பிக்கப்பும்

திருவண்ணாமலையில் ஏது கடல் என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். சித்தப்பா வாரம் இரண்டு தடவை மரக்காணம் உப்பளத்திலிருந்து பிக்கப்பில் உப்பு ஏற்றி வருகிறார். வண்டிக்கு நாலு வயசு. தவணையே முடியவில்லை, அதற்குள் பின்தொட்டியின் அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது!

திண்டிவனம், செஞ்சி தாண்டிவிட்டால் உப்புக்காற்று விட்டுவிடும் என்று நினைக்கிறோம். உப்பு வண்டியோடு கூடவே வருகிறதே! காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே, ஒட்டியிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். மழையே வேண்டாம், கார்த்திகைப் பனி போதும்.

ஒரு பட்டறையில் அடிப்பக்கம் முழுக்கக் கழிவு ஆயில் அடித்துவிட்டார்கள். ஊரில் பலர் செய்வதுதான். என்னைக் கேட்டால் சுத்த வேஸ்ட். உப்பைக் கழுவாமல் எதைப் பூசினாலும் திருடனை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிய கதைதான். ரப்பர் புஷ் வேறு ஊறிக் கெடும், சொட்டுகிற ஆயில் மண்ணையும் கெடுக்கும்.

லோடு இறக்கிய அன்றே சேஸிஸ், சக்கர வளைவு, தொட்டி மூலை எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவணும். அடைத்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடணும். நன்றாகக் காய்ந்தபிறகு துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பெயிண்ட் அதற்குப் பிறகுதான். மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் அவசியம்.

"கழுவுற காசுக்கு டீசல் போடலாம்டா" என்கிறார் சித்தப்பா. போன வாரம் தகடு வெல்டிங் செய்த பில்லை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.