யாருக்குத் "திடீர்"?

யுத்தக் கதை பேசும் இடமெல்லாம் "திடீர்த் தாக்குதல்" என்ற சொல் அடிபடுகிறது. யாருக்குத் திடீர்? அதை முதலில் கேட்போம்.

1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்த நேரம். ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பிறகே ஹவாயியில் பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டு விழுந்தது. அங்கே அப்போது 7-ஆம் தேதி காலை. 2,403 அமெரிக்கர் மாண்டனர். மறுநாளே அமெரிக்கக் காங்கிரஸ் யுத்தம் அறிவித்தது. செனட்டில் 82 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பே இல்லை. கீழ்ச்சபையில் 388 பேர் ஆதரிக்க, எதிர்த்தவர் ஜானெட் ரேங்கின் அம்மையார் ஒருவரே. யுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்த தேசம் ஒரே நாளில் ஒரே குரலாயிற்று. கோபம் வந்தால் கேள்வி அடங்கிப் போகும்.

அடித்தவன் குற்றவாளி, அதில் இரண்டு பேச்சில்லை. ஜப்பானிய ராணுவத்துக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால் காவல்காரன் கணக்கையும் பார்க்க வேண்டாமா? 1941 ஜூலையில் ஜப்பான் தென் இந்தோசீனாவில் புகுந்தது. அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் வரத்து நின்றது. எண்ணெயும் ரப்பரும் ஈயமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்பது மலாயாவை ஆண்டவர்களுக்குத் தெரியாதா?

அதே ஆண்டில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதம் ராணுவம் வந்தது. நம்மவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். வெறுங்கையோடு நின்றவனிடம் அத்தனை விழிப்பு! டிசம்பர் 8 விடியுமுன் சிங்கப்பூரில் குண்டு விழுந்தபோதோ, தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பினாங்கில் வெள்ளையரை இரகசியமாகக் கப்பலேற்றினார்கள்; மற்றவர்களை விட்டுப் போனார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது.

விலை கொடுத்தவன் யார்? லயத்திலிருந்த தொழிலாளி. சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். அதைப் போட நம்மவரைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போனார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. இருக்கட்டும், அது நியாயம். பால்மரம் சீவியவனுக்குக் கல் எங்கே? மாண்டவர் எத்தனை பேர் என்பதே இன்றுவரை மதிப்பீடுதான். பெரட்டுக்கு வராதவனைச் செக்ரோலில் குறித்த உலகம், உயிரோடு திரும்பாதவனை எதிலும் குறிக்கவில்லை!

கிராணிமாரே, பேனா உங்கள் கையில் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்திருந்தாலும், சயாமுக்குப் போன தாத்தாவின் பெயர் எந்த வீட்டில் மிஞ்சியிருக்கிறதோ, அங்கே போய் எழுதுங்கள். பெயர், தோட்டம், ஊர், அது போதும். கிளைதோறும் ஒரு புத்தகம் வேண்டும்.

நாளை எந்த நாட்டில் யுத்த முரசு கொட்டினாலும், கோபத்துக்கு முன் கேள்வி வரட்டும்: முன்பே அறிந்தவர் யார்? தப்பி ஓடப்போகிறவர் யார்? சாகப்போகிறவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை நமக்குத் தெரியும், தோழர்களே!