ரங்கோன் குறிப்புகள்: பிரவுன் பம்பு

இந்த வாரம் மொஹிங்கா, காளி கோயில் எதுவும் கிடையாது. படிப்பு விஷயம். ஓடிப் போயிடாதீங்க மக்கா :-)

கடுமையான ஆஸ்துமா இருக்கிற குழந்தைகளுக்கு நடத்துற திட்டங்கள் நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுதான் எனக்கு வந்திருக்கிற கட்டுரைத் தலைப்பு. எல்லாரும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2005ல ஆரம்பிச்ச திட்டத்தைத்தான் காட்டுவாங்க. வீட்டுக்கே ஆள் போய் கரப்பான், பூஞ்சை, தூசி எல்லாம் பார்த்து, மருந்து இழுக்கவும் சொல்லிக் கொடுத்தாங்க. 2012ல வெளியான கணக்குல 283 குழந்தைகள். ஒரே வருஷத்துல அவசரப் பிரிவுக்கு வர்றது 68 சதவீதம் குறைஞ்சிருந்தது, அட்மிட் ஆகறது 85 சதவீதம்.

கேட்க ஜோரா இருக்கு. ஆனா குழந்தையைத் திட்டத்துல சேர்க்கிறதே அது ரொம்ப மோசமா இருக்கும்போதுதானே? அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் செய்யாட்டியும் கொஞ்சம் தேறத்தான் செய்யும். நியூஜெர்சியில காம்டன்னு ஒரு ஊர். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர்ற பெரியவங்களுக்கு இதே மாதிரி ஒரு திட்டம், ஓஹோன்னு பேசப்பட்டது. சீட்டுக் குலுக்கற மாதிரி 800 பேரை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்த முடிவு 2020ல வந்தது. திட்டத்துல இருந்தவங்கள்ல ஆறு மாசத்துக்குள்ள திரும்ப அட்மிட் ஆனது 62 சதவீதம். இல்லாதவங்கள்லயும் 62! பாஸ்டன்ல அந்த மாதிரி குலுக்கல் கிடையாது.

இங்கே இன்னொரு வில்லன், சீஸன். 2018 ஏப்ரல்ல டெயின்பின் குப்பைமேடு நாள்கணக்கா எரிஞ்சு ஊரே புகையில கிடந்தது. அந்த மாதிரி ஒரு மாசத்துல குழந்தைகளைச் சேர்த்து, மழை வந்து காத்து சுத்தமானப்புறம் எண்ணினா எந்தத் திட்டமும் ஜெயிக்கும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்து சளி பரவினா அதே திட்டம் தோத்துடும்.

சரி, தியரி போதும். எங்க கட்டடத்துல ஆறாவது மாடியில ஒரு தமிழ்க் குடும்பம். லிஃப்ட் கிடையாது. பால்கனியிலேர்ந்து கயிறு தொங்கும், பேப்பரும் பாலும் அதுலதான் மேலே போகும். அவங்க எட்டு வயசுப் பொண்ணுக்கு ஆஸ்துமா, இதுவரை மூணு தடவை அட்மிட். கரண்ட் போய் கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சா அக்கா ஓடி ஓடி ஜன்னலைச் சாத்துவாங்க. நான் பழகிப் பார்க்கன்னு தயார் பண்ணின கேள்வித்தாளை எடுத்துக்கிட்டு மேலே போனேன். "தடுப்பு மருந்து பம்பு வீட்டில் உள்ளதா?" ஆம். டிக். பக்கத்துலயே நீல பம்பு. டிக்.

கிளம்பும்போது சும்மா கேட்டேன், பிரவுன் எப்போ வாங்கினதுக்கா?

"தீபாவளிக்கு முன்னாடி தம்பி. விலை ஜாஸ்தில்ல, ரொம்ப முடியாத நாளுக்குன்னு பத்திரமா வச்சிருக்கேன்."

தலைகீழ்! மூச்சு திணறும்போது கை கொடுக்கிறது நீலம். பிரவுனைத் தினம் இழுத்தாத்தான் திணறலே வராம இருக்கும். 200 இழுப்பு, தினம் ரெண்டுன்னா 100 நாள்ல தீர்ந்திருக்கணும். பாதிக்கு மேல அப்படியே இருக்கு. நீலம் மட்டும் மாசம் ஒண்ணு காலியாகுது. அது உயிருக்கே ஆபத்துன்னு எச்சரிக்கிற அளவு.

நான் டாக்டர் இல்லை. அடுத்த செவ்வாய் அவங்க டாக்டர்கிட்ட கூடப் போறேன், ரெண்டு பம்பையும் எடுத்துக்கிட்டு. 1999ல கேப்டவுன்ல 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்ல ஓட்டை போட்டு பம்பைச் செருகி, சுத்தி இடைவெளி இல்லாம ஒட்டி அடைச்சா கடையில விக்கிற ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்யுதுன்னு காட்டினாங்களே, அதையும் கேட்கணும்.

கேள்வித்தாள்ல "உள்ளதா"வை அடிச்சுட்டு "எத்தனை இழுப்பு மீதி"ன்னு மாத்திட்டேன்.