வாட் எண்ணைக் கண்டு ஏமாறலாமா?



எங்கள் பள்ளியின் கேட்டல் பயிற்சிக்கென முன்னாள் மாணவர் ஒருவர் தரமான ஹை-ஃபை ஸ்பீக்கர் இணை ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். அதற்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 900 வெள்ளிக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கியது. பெட்டியில் '1,000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தனர். ஆசிரியர் தினத்தன்று பத்தே நிமிடத்தில் அது சூடேறித் தானாகவே அணைந்து போயிற்று. உடனே கூட்டத்தில் எழுந்த தீர்ப்பு என்ன தெரியுமா? "ஸ்பீக்கர் பழசு; விற்றுவிடலாம்!"

இத்தீர்ப்பை வன்மையாக மறுக்கிறேன். குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. ஒரே ஓர் எண்ணைப் பார்த்து வாங்கிய நம்மிடமே உள்ளது.

அந்த ஸ்பீக்கரின் பின்புறத்தில் இரண்டு எண்கள் இருந்தன: 84 டெசிபெல், 4 ஓம். அவற்றை யாரும் படிக்கவில்லை.

முதலாவது, 1 வாட் ஆற்றலில் 1 மீட்டர் தொலைவில் எழும் ஒலியின் அளவு. 90 டெசிபெல் ஸ்பீக்கர் எழுப்பும் அதே ஒலியை இது எழுப்ப நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ஆற்றல் இருமடங்காகிறது அன்றோ?

இரண்டாவது, மின்தடை. ஒரே மின்னழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கரைவிட 4 ஓம் ஸ்பீக்கர் இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த 4-உம் பெயரளவு எண்ணே. அதிர்வெண்ணுக்கேற்ப அது மாறும். 3 ஓமுக்கும் கீழிறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. அப்போது தாங்கி நிற்பவை ஆம்ப்ளிஃபயரின் கனமான மின்மாற்றியும் வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகடுகளுமே. பெட்டியில் அச்சிட்ட எண் தாங்காது!

"அப்படியானால் இன்னும் அதிக வாட் வாங்குவோம்" என்பார்கள். எந்த வாட்? நொடிப்பொழுது உச்சத்தைக் கணக்கிட்டு விளம்பரத்துக்காக எழுதும் வாட்டா, தொடர்ந்து தரக்கூடிய வாட்டா? இந்த எண் விளையாட்டைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு 1974-இலேயே விதி வகுத்தது. 2024-இல் அதனை மேலும் இறுக்கியது. 1980-களில் வெளிவந்த கிரெல் கேஎஸ்ஏ-50 என்னும் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் வெறும் 50 வாட்தான். ஆனால் 4 ஓமில் 100 வாட் தந்தது. கடினமான ஸ்பீக்கருக்கு வேண்டியது இந்தத் திறனே.

வலுவற்ற ஆம்ப்ளிஃபயரை எல்லை மீறித் திருகினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படும், டுவீட்டரும் கருகக்கூடும். அந்தக் கரகரப்பில் லகர, ளகர, ழகர வேறுபாட்டை நம் மாணவர்கள் எவ்வாறு கேட்டறிவர்? நமக்கு இதுவன்றோ முதன்மை!

ஆகவே பெற்றோர்களே, கடைக்குச் செல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். 8 ஓமில் தொடர்ந்து எத்தனை வாட்? 4 ஓமில் எத்தனை? 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்கத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா? விடை தெரியாத கடைக்காரரிடம் வெள்ளியைக் கொடுக்காதீர்கள். இயன்றால் ஸ்பீக்கரையே எடுத்துச் சென்று அரைமணி நேரம் ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

ஒரு தேர்வு எண்ணைக் கொண்டு பிள்ளையை எடைபோடாதீர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பிறர் வியர்வையில் திரண்ட பணத்தைச் செலவிடும்போது மட்டும் பெட்டியின் எண்ணுக்கு மயங்குவது முறையோ?

ஸ்பீக்கரை விற்க வேண்டாம். அதற்கேற்ற துணையைத் தேடுவோம். சிந்திப்பீர்!