ஆற்றுப் படுகையும் குடியானவரும்

ஆற்றங்கரையில் மரஞ்செடிகள் அடர்ந்திருக்கும் இடத்தைக் கண்டால், "வீணாய்க் கிடக்கும் பூமி" என்றே நமது குடியானவர்களிற் பலர் எண்ணுகின்றனர். அதனை வெட்டித் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவருவதே முயற்சியுள்ள நிலச்சுவான்தாருக்கு அழகென்று கருதுவோரும் உளர். இவ்வெண்ணம் தவறானதென்பதும், படுகைத் தோப்பு சாகுபடிக்கு இடையூறன்று, சாகுபடியின் ஓர் உறுப்பேயாம் என்பதும் எனது அபிப்பிராயம். இதனை நான் ஏட்டிற் படித்துக் கூறவில்லை. சென்ற மாசி மாதத்தில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மூன்று நாள் கால்நடையாகச் சென்று கண்டதையும், என் உத்தியோக காலத்தில் நானே செய்த பிழையொன்றையும் வைத்துக் கூறுகிறேன்.

முதல் நாள் ஊசுடு ஏரிக்கரையில் நடந்தேன். புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளில் மிகப் பெரியது இதுவே. இதன் ஒரு பாகம் நம்முடையது; மற்றொரு பாகம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சங்கராபரணியின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதில் வந்து தங்குகிறது. நம் அரசாங்கத்தார் தமது பாகத்தை 2008-ஆம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாகப் பிரசித்தம் செய்தனர். பின்னர்த் தமிழ்நாட்டு அரசாங்கத்தாரும் தம் பாகத்தை அவ்வாறே செய்தனர். பூமி மேடு பள்ளமின்றிச் சமமாயிருப்பதால் நடப்பதற்குச் சிறிதும் பிரயாசையில்லை. கோரையும் நாணலும் நீரோரத்தில் நிற்க, அவற்றிற்கு மேலே பனையும் புன்கும் வேலமரமும் நிற்கின்றன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூட்டங்கூட்டமாய் இருந்தன.

"இப்பறவைகளால் நமக்கு என்ன பிரயோஜனம்? பயிரைத்தான் கெடுக்கின்றன" என்று அண்டை வயலுக்குரிய ஒரு குடியானவர் என்னிடம் வாதித்தார். அவர் கூறியதில் ஓரளவு உண்மையுண்டு. தாழைக்கோழி இளநெற்பயிரைக் கடித்து நஷ்டஞ் செய்வது கண்கூடு. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நத்தைகுத்தி நாரை வயலிலுள்ள நத்தைகளைத் தின்கிறது. உண்ணிக்கொக்கு உழவுசாலின் பின்னே வந்து புழுபூச்சிகளைப் பொறுக்குகிறது. பனையிலும் மரப்பொந்திலும் வாழும் ஆந்தையோ இரவெல்லாம் எலியைப் பிடிக்கிறது. எலிப்பொறிக்கும் பூச்சிமருந்துக்கும் நாம் செலவிடும் பணத்தை எண்ணிப் பார்ப்போமாயின், கூலி கேளாத இவ்வேலையாட்களின் அருமை விளங்கும்.

இரண்டாம் நாள் சங்கராபரணியின் கரையோரமாகத் திருக்காஞ்சி வரையில் நடந்தேன். செஞ்சி மலைப்புறத்தில் உற்பத்தியாகி, வீடூர் அணையைக் கடந்து வரும் இந்நதி, வில்லியனூர்ப் பக்கத்தில் சமபூமியை அடைந்து, பின்னர் இரண்டாகப் பிரிந்து கடலில் விழுகிறது. மாசிமகத்துக்குத் திருக்காஞ்சியில் நீராடிய வாசகர்கள் இவ்விடத்தை நன்கறிவர். சிற்சில இடங்களில் மட்டும் பழைய படுகைத் தோப்பின் எச்சம் காணப்படுகிறது. மற்றையிடங்களில் உழவு நீர்விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. அல்லது மணல் வாரிய பள்ளங்களும், அவற்றைச் சுற்றி வேலிக்காத்தானுமே நிற்கின்றன. தோப்பு நிற்கும் இடத்தில் கரை சரிந்து, வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. தோப்பில்லாத இடத்திலோ கரை கத்தியால் அறுத்தது போல் செங்குத்தாய் நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் சிறிது சிறிதாய் இடிந்து விழுகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கண்ட பிறகு எவருக்கும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதன் காரணம் எளிது. வெள்ளநீர் வேகமாய் ஓடும்பொழுது பருமணலையும் நுண்வண்டலையும் சேர்த்தே சுமந்து வருகிறது. நாணலும் மரங்களும் குறுக்கே நின்றால் அதன் வேகம் தணிகிறது. வேகம் தணிந்தால், கனமான பருமணல் தோப்பினுள்ளேயே படிந்துவிடுகிறது. இலேசான வண்டல் மட்டும் அப்பால் சென்று வயலிற் படிகிறது. தோப்பில்லையேல் மணலும் வேகத்தோடு வயலிற் புகுகிறது. வண்டல் படிந்த வயல் விளையும். மணல் மூடிய வயலோ பல வருஷத்துக்குத் தரிசாகும். அன்றியும் தங்கி நிற்கும் நீர் பூமிக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளை மிகுதியாய் இறைத்து, உப்புநீர் உட்புகும் அபாயத்திலிருக்கும் நமக்கு இஃதொரு சிறிய நன்மையன்று.

மூன்றாம் நாள் பாகூர் கொம்யூனில் குருவிநத்தம், சோரியாங்குப்பம் ஆகிய கிராமங்களையொட்டித் தென்பெண்ணையாற்றின் கரையில் நடந்தேன். புதுச்சேரியின் நெற்களஞ்சியமெனப்படும் பாகூருக்கு இந்நதியே தாய். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரி நிரம்புவதையும், அவ்வாய்க்காலைப் பற்றி வழங்கும் பங்காரி சிங்காரி கதையையும் அறியாதார் இங்கு இலர்.

இவ்விடத்தில்தான் நான் என் பிழையைக் கூற வேண்டும். சுமார் பதினெட்டு வருஷங்களுக்கு முன்பு, நான் உத்தியோகத்துக்குப் புதியவனாயிருந்த காலத்தில், இவ்வாற்றங்கரையில் நிலமுடைய ஒரு பெரியவர் தமது வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவேயிருந்த புன்கு, நாவல், நொச்சித் தோப்பை என்ன செய்யலாமென்று யோசனை கேட்டார். அதனை அழித்துக் கரும்பு பயிரிடும்படி நானே சொன்னேன். "ஐயா, என் பாட்டனார் காலத்திலிருந்து நிற்கிற மரங்களாயிற்றே" என்று அவர் தயங்கினார். நிழலால் பயிருக்குக் கேடு, வேரால் உரம் நஷ்டம் என்று நான் படித்த பாடத்தை ஒப்பித்தேன். மரங்கள் வெட்டுண்டன. முதற் சில போகங்களில் கரும்பு செழித்து விளைந்தது. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

2021-ஆம் வருஷம் நவம்பர் மாத வெள்ளத்தில் அந்நிலத்தின் ஓரம் இடிந்து ஆற்றோடு போயிற்று. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையைக் கடந்தபொழுது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை நாமனைவரும் அனுபவித்தோம். அதனையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்க் கிராமங்களிற் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் நான் சென்று பார்க்கையில், அப்பெரியவரின் நிலத்தில் முழங்காலளவு மணல் கிடந்தது. பக்கத்தில் தோப்பை வெட்டாது வைத்திருந்தவரின் நிலத்திலும் நீர் நின்று பயிர் அழுகியதுண்டு. ஆனால் அங்கே படிந்தது வண்டல். அடுத்த போகத்துக்கே அவர் நாற்று விட்டார். பெரியவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

இத்தகைய பெருவெள்ளத்தைத் தோப்பு தடுத்துவிடுமென்று நான் கூறவில்லை. எந்தத் தோப்பும் அதனைத் தடுக்காது. வெள்ளம் வந்துபோன பின் நமக்கு மிஞ்சுவது நிலமா மணலா என்பதையே தோப்பு நிச்சயிக்கிறது.

பிறதேசத்தாரும் இதனை நஷ்டப்பட்டே கற்றனர். ஆஸ்திரியா தேசத்தில் டான்யூப் நதியோரத்து வெள்ளக்காட்டை அழித்து மின்சார அணை கட்ட முற்பட்டபொழுது, 1984-ஆம் வருஷம் டிசம்பர் மாதக் கடுங்குளிரில் ஜனங்கள் அக்காட்டிலேயே தங்கித் தடுத்தனர். 1996-இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 9,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அச்சமபூமிக் காட்டில் இன்று குடும்பத்தோடு நடந்து செல்வோர் அநேகர். ஹாலந்து தேசத்திலோ 1993, 1995 ஆகிய வருஷங்களின் வெள்ளத்துக்குப் பின், கரைகளை மேன்மேலும் உயர்த்துவதை விடுத்து, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் நதிக்கே நிலத்தைத் திரும்பக் கொடுத்தனர். கடலை மறித்து நிலம் உண்டாக்கிய அத்தேசத்தாரே அங்ஙனம் செய்தனரெனில், நாம் யோசிக்க வேண்டாமா?

ஆகையால் நிலச்சுவான்தார்களுக்கும் கிராமாதிகாரிகளுக்கும் நான் தெரிவித்துக்கொள்ளும் யோசனைகள் யாவையெனில்:

முதலாவது, பங்குனி சித்திரையில் ஆறு வற்றியிருக்கும்பொழுது, கிராமாதிகாரிகளும் கரையோர நிலமுடையோரும் புலப்படத்தோடு படுகை முழுவதையும் ஒருமுறை சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். எல்லைக்கற்கள் எங்கே இருக்க வேண்டியவை, உழவு எங்கே வந்திருக்கிறது என்பது அப்பொழுதே புலனாகும். புறம்போக்கில் உழுதிருப்போர் வழக்குக்கு இடமின்றித் தாமே பின்வாங்குவது சிலாக்கியம்.

இரண்டாவது, பட்டா நிலமாயினும் ஆற்றோரத்தில் பத்து மீட்டர் அகலமாவது உழாது விட வேண்டும். நீரோரத்தில் நாணலும் வெட்டிவேரும், அதற்கு மேலே நொச்சியும், அதற்கும் மேலே புன்கு, நீர்மருது, நாவல் முதலியனவும் வைக்கலாம். புன்கின் தழை வயலுக்குப் பசுந்தாளுரமாகும். நாவல் பழம் சந்தையில் விலைபோகும். எனவே அவ்வகலமும் வருமானமற்றதன்று.

மூன்றாவது, வேலிக்காத்தானை ஒரே தடவையில் இயந்திரத்தால் வேரோடு பெயர்த்துக் கரையை மொட்டையாக்கலாகாது. பகுதி பகுதியாய் நீக்கி, நீக்கிய இடத்தில் உடனே நல்ல மரக்கன்றுகளை நட்டு வர வேண்டும். புறம்போக்கிலும் சரணாலய எல்லைக்குள்ளும் அந்தந்த இலாகாவின் உத்தரவின்றி எதையும் வெட்டலாகாதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்து மீட்டர் நிலத்தை விடுவது சிறு நிலக்காரருக்குக் கஷ்டமென்பதை நான் அறியாதவனல்லேன். அத்தகையோருக்குக் கன்றுகளை இலவசமாய்க் கொடுப்பதும், விட்ட நிலத்துக்கு ஏதேனும் உதவித்தொகை அளிப்பதும் அரசாங்கத்தின் கடமையென்றே கருதுகிறேன். ஆனால் அதுவரை காத்திருந்தால் ஆறு காத்திராது.

மேற்சொன்ன பெரியவர் சென்ற ஐப்பசியில் மணலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஆற்றோரத்தில் புன்கங்கன்றுகள் நட்டிருக்கிறார். அவற்றுள் சில என் கையால் நட்டவை. வாசகர்கள் எனது யோசனையை ஏற்பினும் ஏற்காவிடினும், வரும் கோடையில் தத்தம் ஊர்ப் படுகையை ஒருமுறையேனும் நடந்து பார்த்துவிட்டுத் தம் முடிவைச் செய்வார்களென நம்புகிறேன்.