மலைநாட்டு வீதிக்கு ஏற்ற டயர் எது?

மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே இக்காலத்தில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. "நுவரெலியா குளிர் பிரதேசமாயிற்றே! ஹட்டனில் ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கிறதே! இங்கே ஓடும் வண்டிக்குச் சாதாரண டயர் போதுமா? அல்லது குளிருக்கும் வெயிலுக்கும் பொதுவான 'எல்லாப் பருவ' டயர்தான் வேண்டுமா?" என்பதே அது. நான்கு டயர்களின் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகிவிட்ட இந்நாளில் இது அலட்சியம் செய்யத்தக்க வினாவன்று. அவ்வண்டியிலேயே பாடசாலைப் பிள்ளைகள் செல்கின்றனர் என்பதை எண்ணும்போது, இது பணத்தைப் பற்றிய வினாவாக மட்டும் நின்றுவிடுவதுமில்லை.

டயர்களுள் மூவகையுண்டு. முதலாவது, மேனாட்டார் 'கோடைக்கால டயர்' என்று குறிப்பிடுவது. நம் நாட்டில் கார்களுக்குப் பெரும்பாலும் பூட்டப்படும் சாதாரண டயர் இதுவேயாகும். இரண்டாவது பனிக்கால டயர். இதன் றப்பர் கடுங்குளிரிலும் இறுகாமல் மென்மையாக இருக்கும்படி கலக்கப்படுகிறது. மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் எல்லாப் பருவ டயர். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட டயருக்குப் பின்னரே இவ்வகை பரவலாயிற்று. பருவத்துக்குப் பருவம் டயர் மாற்றும் தொல்லையிலிருந்து மக்களை விடுவிப்பதே இதன் நோக்கம்.

இவற்றுள் எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலையாகும். காற்றின் வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல வாரங்கள் நிலைத்திருக்கும் நாடுகளில் சாதாரண டயரின் றப்பர் இறுகத் தொடங்கி, வீதியைப் பற்றும் வலிமையில் குறைகிறது. ஆகையால், ஜேர்மனியில் உறைபனி படிந்த வீதியில் பனிக்கால டயரோ அதற்கு ஈடான எல்லாப் பருவ டயரோ இன்றி வண்டி ஓட்டுவது குற்றமாகும். மூன்று சிகரங்களும் பனிப்பூவும் பொறித்த முத்திரை உள்ள டயரையே அந்நாட்டுச் சட்டம் 2024 ஒக்டோபர் முதலாக ஏற்றுக்கொள்கிறது.

நம் மலைநாட்டின் நிலை என்ன? நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் நிலப்பனி உறைந்து தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குப் பயிரையும் கருக்கிவிடுவதை நாமெல்லோரும் அறிவோம். ஆயினும் வெயில் ஏறியதும் அப்பனி மறைந்துவிடுகிறது. ஆண்டில் சில காலைப்பொழுதுகளுக்காக ஆண்டு முழுவதற்கும் வேறு டயர் வாங்குவது தேவையற்ற செலவு. அத்தகைய காலையில் சற்றுத் தாமதித்துப் புறப்படுவதே மலிவான மருந்து. ஹட்டனோ நுவரெலியாவைவிடத் தாழ்ந்தது. அங்கே இக்கேள்விக்கு இடமே இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கிறது. யப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகள் சிலவற்றில் அந்நாட்டுப் பனிக்கால டயர்களே பூட்டியிருக்கும். ஆணி பதித்த டயர்கள் வீதியைச் சுரண்டித் தூசி கிளப்பியமையால் 1990இல் அங்கே அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட்டது. அவற்றின் இடத்தைப் பிடித்த மென்றப்பர் டயர்களின் பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்னும் சொல் காணப்படும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டிருப்பதால் இதனை நினைவூட்டுகிறோம். பார்வைக்கு ஆழமான வெட்டுகளுடன் புதிதுபோல் தோன்றினும், இவ்வகை டயர் நம் வெப்பத்தில் விரைவாகத் தேய்வதுடன், ஈரவீதியில் சாதாரண டயரைவிட அதிக தூரம் சென்றே வண்டியை நிறுத்தும். கண்டால் மாற்றிவிடுவதே நன்று.

அப்படியானால் மலைநாட்டில் நம் பகை யார்? குளிரன்று, நீர்தான். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக றப்பர்த் தோட்டங்களைக் கடந்து தேயிலை மலைக்கு ஏறும் வீதியை எடுத்துக்கொள்வோம். கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களைச் சேர்ந்தவை. தென்மேல் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை அவ்வீதி காயும் நாட்களே குறைவு. வளைவுகளில் மலையிலிருந்து சேறு வழிந்து படிகிறது. மரநிழலில் உதிர்ந்த இலைகள் நனைந்து கிடக்கின்றன. நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையோ, வீதியில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து வழுக்கச் செய்கிறது.

ஒரு டயர் வீதியைத் தொடும் பரப்பு நம் உள்ளங்கை அளவினதே. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து நீரை வெளியே தள்ளுவதுதான் டயரின் மேலுள்ள பள்ளங்களின் வேலை. புதிய கார் டயரில் அவை ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். 1.6 மில்லிமீட்டரே கடைசி எல்லையென ஐரோப்பியச் சட்டம் வகுத்துள்ளது. பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகளாக வார்க்கப்பட்டிருக்கும் அடையாளங்கள் அந்த எல்லையையே காட்டுகின்றன. ஆனால் ஈரவீதியில் பிடிப்பு அதற்கு முன்னரே பெரிதும் குறைந்துவிடுகிறது. எனவே, மழைமிகுந்த நம் பகுதியில் 3 மில்லிமீட்டர் ஆனதும் டயரை மாற்றுவது அறிவுடைமை. மொட்டை டயராகிப்போன எல்லாப் பருவ டயரைவிட, பள்ளம் குறையாத சாதாரண டயரே நம்மைக் காப்பாற்றும்.

கடைக்குச் செல்வோர் வியாபாரியின் சொல்லை மட்டும் கேளாமல், டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதையும் வாசிக்க வேண்டும். நான்கு இலக்கங்கள் கொண்ட திகதிக் குறி ஒன்றுண்டு. '3624' என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் வைத்திருந்தாலும் றப்பருக்கு முதுமை வரும். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டுக்குமேல் பாவிக்காதிருக்கவும் பல உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர். அடுத்து 'டிராக்ஷன்' என்னும் சொல்லின் அருகே ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்துகளில் ஒன்றிருக்கலாம். ஈரவீதியில் நேராக ஓடும்போது நிறுத்தும் ஆற்றலின் வரிசை அது. ஏஏ என்பது முதல் தரம். 'எம் பிளஸ் எஸ்' என்னும் குறியோ சேற்றையும் பனியையும் குறிப்பது. அதனை உற்பத்தியாளரே இட்டுக்கொள்ளலாம். பனிப்பூ முத்திரைக்கு மட்டுமே சோதனை வேண்டும். கல்லும் சேறுமான தோட்டப் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஜீப் வண்டிக்கு அகன்ற வெட்டுள்ள டயர் உதவும். தார்வீதியில் ஓடும் காருக்கு அது வேண்டியதில்லை.

கைப்பணம் இரண்டு டயருக்கே போதுமெனில், புதியவற்றை எந்தச் சில்லில் பூட்டுவது? முன்பக்கத்தில் என்றே பலரும் எண்ணுவர். பின்பக்கத்தில் பூட்டுவதே சரி. முன்சில்லு வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். இறக்கத்து வளைவில் பின்சில்லு வழுக்கினாலோ வண்டியே சுழன்றுவிடும்.

காற்றழுத்தத்தைப் பற்றி மாணவர்களுக்குச் சுவையான ஒரு கணக்கு. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 32 இறாத்தல் காற்றடித்துப் புறப்பட்ட கார், மறுநாட் காலை நுவரெலியாவில் 12 பாகைக் குளிரில் நிற்கிறதென வைத்துக்கொள்வோம். குளிரினால் டயரினுள் அழுத்தம் ஏறக்குறைய 3 இறாத்தல் குறையும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய 3 இறாத்தல் குறைவு. அழுத்தமானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வேறுபாட்டையே. ஆகவே எண் பெரும்பாலும் மாறாதிருக்கும்! மாறியிருந்தால் டயரில் எங்கோ காற்றுக் கசிகிறது என்று கொள்க. காலையில் வண்டி ஓடுமுன் அளப்பதே முறை.

2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் நாள் இறம்பொடைக்கு அருகே கெரண்டியெல்லவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை டயரால் நேர்ந்தவை என்று நாம் கூறவரவில்லை. நம் மலைவீதிகள் தவறுக்கு இடந்தராதவை என்பதை நினைவூட்டவே இவற்றைக் குறிப்பிட்டோம். பிரேக் சில்லைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர் வீதியைப் பற்றும் பிடிப்பு. அப்பிடிப்புக்கும் ஓர் எல்லையுண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரத்தைவிட, 40 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலான தூரம் வேண்டும். எந்த உயர்ந்த டயரும் இந்தக் கணக்கை மாற்றாது.

எனவே, சாதாரண டயரா, எல்லாப் பருவ டயரா என்று நெடுநேரம் விவாதிக்க வேண்டியதில்லை. நம் மலைநாட்டுக்கு, ஈரவீதியில் நல்ல பிடிப்புள்ள, புதிதாகச் செய்யப்பட்ட சாதாரண டயரே போதும். பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க எண்ணிய பணத்தை ஒதுக்கிவைத்து, டயர் மொட்டையாகுமுன் மாற்றுவதற்குச் செலவிடுக. பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்பும் பெற்றோர், மாதக் கட்டணத்தைக் கொடுக்கும்போது அதன் நான்கு சில்லுகளையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். டயர் தேய்ந்திருந்தால் சாரதியிடம் தயங்காமல் சொல்லுங்கள். புது டயருக்கு அவரிடம் பணம் இல்லையெனில், பெற்றோர் பலரும் சேர்ந்து முற்பணம் கொடுத்து உதவுவதும் வீண்செலவாகாது. அந்த வேனில் செல்வது நம் பிள்ளைகளல்லவா?