இதுவும் கோடிங்தான் பாஸ்!

கோடிங்னு சொன்னதும் நம்ம எஞ்சினீயரிங் மக்கள் சி, ஜாவா, செமிகோலன்னு கிளம்பிடுவாங்க. பக்கத்து காலேஜ் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நர்ஸிங் ஃப்ரெண்ட்ஸைக் கேளுங்க... அவங்க சொல்ற கோடிங்கே வேற!

அமெரிக்காவில் ஒரு டாக்டர் ஆபரேஷன் முடிச்சுட்டு எழுதி வைக்கிற குறிப்பை, சென்னையில் உட்கார்ந்து படிச்சு, அதுக்குரிய எண்ணைப் போடணும். அதை வெச்சுத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும். இதான் மெடிக்கல் கோடிங். ஆபரேஷன் எண்களுக்கான புத்தகம் சி.பி.டி. அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் 1966-ல் முதன்முதலா வெளியிட்டது.

'நம்பரைத் தேடிப் போடறது ஒரு வேலையா?'ன்னு நக்கல் விடறவங்களுக்கு, ஒரே ஒரு முழங்கால் போதும்!

மூட்டுக்குள்ள எலும்பு முனையை மூடியிருக்கிற வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால அடிபட்டா தானா ஆறறது கஷ்டம். பிசிறடிச்ச இடத்தை ஆர்த்ராஸ்கோப் வழியா சீவிச் சமப்படுத்தினா, 29877. அடியில இருக்கிற எலும்புல குட்டிக் குட்டி ஓட்டை போட்டு, ரத்தம் கசிய வெச்சு, புதுத் திசு வளர விட்டா அது மைக்ரோஃப்ராக்சர், 29879. அதிகம் பாரம் தாங்காத இடத்துலேர்ந்து குருத்தெலும்போட எலும்புத் துண்டை எடுத்து, பள்ளத்துல நட்டா 29866. நோயாளியோட செல்லையே லேப்ல வளர்த்து, இன்னொரு ஆபரேஷன்ல வெச்சா 27412. ஸ்வீடன் டாக்டர்கள் 1994-ல் உலகத்துக்குச் சொன்ன டெக்னிக் இது.

இப்ப ஒரு கேள்வி. டாக்டர் ஒரே முழங்கால்ல கிழிஞ்ச மெனிஸ்கஸை வெட்டி எடுத்திருக்கார். அது 29881. கூடவே குருத்தெலும்பையும் சீவியிருக்கார். 29877-ஐயும் சேர்த்துப் போடலாமா?

கூடாது! 29881-க்கான விளக்கத்துலேயே, மூட்டோட எந்தப் பகுதியா இருந்தாலும் சீவறதும் அடக்கம்னு 2012-லேர்ந்து இருக்கு. ஃபுல் மீல்ஸ் டோக்கன் வாங்கினவர்கிட்ட சாம்பாருக்குத் தனியா பில் நீட்ட முடியுமா?

நீட்டினா என்ன ஆகும்? நோயாளி தன் பங்குக்குக் கூடுதலா கட்ட வேண்டி வரலாம். அரசு இன்ஷூரன்ஸா இருந்து, தெரிஞ்சே பண்ணினதா நிரூபணமானா, 'ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட்' பாயும். லிங்கன் காலத்துல, 1863-ல் வந்த சட்டம். நஷ்டத்துக்கு மூணு மடங்கு வசூலிப்பாங்க!

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். ஓட்டை போட்ட கேஸுக்கு சீவின எண்ணைப் போட்டா, டாக்டரோட உழைப்புக்குக் காசு வராது. அதுக்காக, குறிப்புல 'சீவினேன்'னு மட்டும் இருந்தா, 'ஓட்டையும் போட்டிருப்பார்'னு நாமளா கற்பனை பண்ணவும் முடியாது. 'எழுதலைன்னா நடக்கலை' - இதான் இந்தத் தொழிலோட தாரக மந்திரம். சந்தேகம் வந்தா டாக்டருக்குக் கேள்வி அனுப்பணும்.

'ஒரு நாளைக்கு இத்தனை சார்ட்'னு டார்கெட் கழுத்தைப் பிடிக்கும்போது, அந்தக் கேள்வியை அனுப்பப் பொறுமை இருக்கா? அங்கேதான் நல்ல கோடர் தனியா தெரியறார்.

இந்த வேலைக்கான சி.பி.சி. பரீட்சையில 100 கேள்வி, 4 மணி நேரம். புத்தகத்தைத் திறந்து வெச்சே எழுதலாம்! 'அடடா, பிட்டே தேவையில்லை'ன்னு துள்ளாதீங்க. உடம்பைப் பத்தித் தெரியாதவருக்குப் புத்தகத்துல எந்தப் பக்கத்தைத் திறக்கணும்னே தெரியாது.

அதனால, கோர்ஸ்ல சேரப்போற ஃப்ரெண்ட்ஸ்... ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: 'ஆபரேஷன் குறிப்பைப் படிக்கச் சொல்லித் தருவீங்களா, இல்லை நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ண வைப்பீங்களா?' பதில் ரெண்டாவதுன்னா, அடுத்த பஸ்ஸைப் பிடிங்க!